கெல்லி மாளிகை: பேய்க்கதை மறைத்த வரலாறு



பேரா மாநிலம், பத்து காஜாவுக்கு அருகில், ராயா ஆற்றங்கரையில் நிற்கும் கெல்லி மாளிகையைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்று மாணவர்களைக் கேட்டால், முதலில் வருவது பேய்க்கதைதான். நள்ளிரவில் வெள்ளைக்காரத் துரை தாழ்வாரத்தில் நடக்கிறார், மேல்மாடி அறையில் அவர் மகள் தென்படுகிறாள் என்பன நான் வகுப்பறையில் பலமுறை கேட்ட கதைகள். கட்டி முடிக்கப்படாத அந்தச் செங்கல் மாளிகையின் தோற்றமும் அக்கதைகளுக்கு ஏற்றதாகவே அமைந்துவிட்டது. 1999ஆம் ஆண்டு வெளிவந்த 'அன்னா அண்ட் தி கிங்' திரைப்படத்தின் சில காட்சிகளும் இங்கே படமாக்கப்பட்டன.

அந்தத் துரையின் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்தின் கெல்லஸ் என்னும் சிற்றூரில் 1870இல் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்து, நில அளவைத் துறையில் பெயர்பெற்ற சார்லஸ் அல்மா பேக்கரிடம் பணியாற்றினார். ஈட்டிய பொருளைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் காடு வாங்கித் திருத்தி, ரப்பர் பயிரிட்டார். தம் ஊரின் நினைவாக அத்தோட்டத்திற்குக் கிந்தா கெல்லஸ் என்று பெயர் சூட்டினார். ஈயத் தொழிலிலும் இறங்கினார்.

செல்வம் பெருகவே, முன்பிருந்த வீட்டினும் பெரிய மாளிகை ஒன்றை 1915இல் கட்டத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரமும் மின்தூக்கியும் அத்திட்டத்தில் இருந்தன. செங்கல்லும் பளிங்குக் கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டுமானத்திற்காகச் சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர் என்பர். மாளிகையின் வளைவுகளிலும் சாளரங்களிலும் நாம் காண்பது அவர்களின் கைவண்ணம்.

1918இல் உலகையே உலுக்கிய ஸ்பானியக் காய்ச்சல் மலாயாவையும் தாக்கியது. நெருக்கமான லயன் வீடுகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்களிடையே அது விரைந்து பரவியது. முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமன்றி, உழைக்கும் வயதில் இருந்தோரையும் அந்நோய் பெருமளவில் கொண்டுபோனது. கெல்லியின் தொழிலாளர்களும் அதற்குத் தப்பவில்லை. நோய் நீங்க வேண்டி ஓர் ஆலயம் எழுப்ப அவர்கள் விரும்பினர். கெல்லியும் இசைந்து உதவினார். மாளிகையிலிருந்து ஏறக்குறைய 1.5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாரியம்மன் ஆலயமே அது. நன்றிக்கடனாகத் தொழிலாளர்கள் ஆலயத்தின் மேற்பகுதியில், தெய்வ உருவங்களின் வரிசையில், வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த கெல்லியின் உருவத்தையும் அமைத்தனர்.

1926இல் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகருக்குச் சென்ற கெல்லி, அங்கே நிமோனியா காய்ச்சல் கண்டு தம் 56ஆம் வயதில் இறந்தார். அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய மனைவி ஆக்னஸ் மலாயா திரும்பவில்லை. சொத்துகள் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்ட் நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. மாளிகை பாதியில் நின்றது. காடு அதனைச் சூழ்ந்துகொண்டது.

இப்போது பேய்க்கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பல்லாயிரம் கல் தொலைவில் இறந்தவர், அவர் குடியேறாத இம்மாளிகையில் நடமாடுகிறாராம்! ஆனால், இம்மண்ணிலேயே காய்ச்சலுக்குப் பலியான நம் முன்னோர்க்கு நான் கேட்ட கதை எதிலும் இடமில்லை. உரிமையாளரையும் அவர் குடும்பத்தையும் நினைவில் வைத்திருக்கும் கதை, சுவர் எழுப்பியவர்களை மறந்துவிட்டது. என்னை உறுத்துவது இதுதான்.

பேய்க்கதை சொல்வது தவறு என்று நான் கூறவரவில்லை. பிள்ளைகளை வரலாற்றின் வாசலுக்கு அழைத்துவர அதுவே நல்ல தூண்டில். வாசலிலேயே அவர்களை நிறுத்திவிடுவதுதான் குறை. ஆகவே, கல்விச் சுற்றுலாவுக்குச் செல்வோர் மாளிகையோடு திரும்பிவிடாமல் அந்த ஆலயத்திற்கும் மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். அங்கே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இம்மாளிகையைக் கட்டியவர்கள் எங்கிருந்து வந்தனர்? ஓர் ஐரோப்பியரின் உருவம் ஆலயத்தில் இடம்பெற்றது எதனால்? அவருக்குச் செல்வம் சேர்ந்தது யாருடைய உழைப்பால்?

இரண்டாம், மூன்றாம் கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால், கெல்லி வள்ளலாக மட்டுமோ முதலாளியாக மட்டுமோ தெரிவார். தொழிலாளர்கள் நாட்குறிப்பு எழுதிவைக்கவில்லை, நூல் அச்சிடவில்லை. தம் அச்சத்தையும் வேண்டுதலையும் நன்றியையும் சுதையில் வடித்துச் சென்றனர். அந்த ஏட்டைப் படிக்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நம் கடமை.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் ஈப்போ பக்கம் செல்வீர்களானால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். மாளிகையைப் பார்த்த பின் ஆலயத்திற்கும் சென்று, நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.