வான்பாதையும் வழுவின் கணிதமும்

வானியலின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் அறிஞர் கண்ட விதிகளையே நிரற்படுத்திச் செல்வர். கெப்ளரின் மூன்று விதிகளும் நியூற்றனின் ஈர்ப்பு விதியும் அந்நிரலில் முதன்மை பெறுவன. எனினும், விதியை அறிதல் வேறு. அவ்விதிக்கமைய இயங்கும் ஒரு குறித்த பொருள் நாளை எவ்விடத்தில் நிற்கும் எனக் கூறுதல் வேறு. பின்னதற்கு அவதானம் வேண்டும். அவதானம் எத்துணை நுட்பமாயினும் அதன்கண் வழு உண்டு. அவ்வழுவை மனிதன் எவ்வாறு எதிர்கொண்டான் என்பதே வான்பாதைகளைக் கணித்த வரலாற்றின் மறுபாதியாகும். பலராலும் அதிகம் பேசப்படாத இப்பாதியே இன்றைய விண்கலங்களின் பயணத்துக்கு ஆதாரமாய் நிற்கின்றது.

தைக்கோ பிராகே விட்டுச்சென்ற அவதானங்களைக் கொண்டு செவ்வாயின் பாதையைக் கணிக்க முயன்ற கெப்ளர், தாம் அமைத்த வட்டப்பாதைக்கும் அவதானத்துக்குமிடையே 8 கலை வேறுபாட்டைக் கண்டார். அது முழுமதியின் விட்டத்திற் காற்பங்களவே. வேறொருவராயின் அதனைப் பொருட்படுத்தாது விட்டிருத்தல் கூடும். தைக்கோவின் அவதானத்தில் அவ்வளவு வழு நேர்ந்திராது என நம்பிய கெப்ளரோ, தமது வட்டத்தையே கைவிட்டார். 1609 இல் நீள்வளையப் பாதை பற்றிய விதி வெளிவந்தது. ஓர் அவதானத்தை எவ்வளவுக்கு நம்பலாம் என்னும் வினா, புதிய வானியலின் பிறப்பிலேயே கலந்திருந்தமை இதனாற் புலனாகும்.

1687 இல் நியூற்றன் கேத்திரகணித வடிவில் நிறுவியதைப் பின்வந்த ஒயிலர் முதலானோர் வகையீட்டுச் சமன்பாடுகளாக எழுதினர். ஒரு பொருளின் வேகம் கணந்தோறும் எவ்வாறு மாறுகின்றது என்பதை இச்சமன்பாடு கூறும். ஒரு கணத்தில் அப்பொருளின் இடத்தையும் வேகத்தையும் குறிக்கும் ஆறு கணியங்கள் தெரியின், அதன் பாதை முழுவதையும் கணித்தறியலாம். கிளெரோ என்னும் பிரெஞ்சு அறிஞர், லலாந்து, நிக்கோல் ரென் லெப்போட் அம்மையார் ஆகியோரின் துணையுடன், வியாழனதும் சனியினதும் ஈர்ப்பைக் கருத்திற்கொண்டு, ஹலியின் வால்வெள்ளி 1759 ஏப்ரல் நடுப்பகுதியிற் சூரியனுக்கு மிக அண்மையில் வரும் எனவும், ஒரு மாதம் முன்பின்னாகலாம் எனவும் எதிர்வு கூறினார். அது மார்ச் 13 ஆந் திகதி அவ்விடத்தை அடைந்தது. சமன்பாட்டின் ஆற்றலை உலகு கண்டது. ஆனால், தொடக்கத்திற் கொள்ளும் ஆறு கணியங்களும் வழுவுடையனவாயின் யாது செய்வது?

இவ்வினாவுக்கு விடை காண்பதில் ஒயிலரே தடுமாறினார் என்பது வியப்புக்குரியது. 1749 இல் வெளிவந்த ஆய்விலே வியாழன், சனி ஆகியவற்றின் இயக்கத்தை ஆராய்ந்த அவரிடம் 75 அவதானங்கள் இருந்தன. சமன்பாடுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் வழுக்களும் பெருகிவிடும் என அவர் அஞ்சினார். 1750 இல் சந்திரனின் அசைவை ஆராய்ந்த தோபியஸ் மேயர் என்னும் யேர்மனியர், பேர்பெற்ற கணித அறிஞராக அன்றி, தாமே அவதானித்துப் பழகியவராக இவ்விடயத்தை அணுகினார். தம்மிடமிருந்த 27 சமன்பாடுகளை ஒன்பது ஒன்பதாக மூன்று கூட்டங்களாக்கி, ஒவ்வொரு கூட்டத்தையும் கூட்டி, வேண்டிய மூன்று கணியங்களையும் பெற்றார். கூட்டும்போது வழுக்கள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும் என்பது அவர் கண்ட உண்மை. மேதை அஞ்சிய இடத்திலே தொழிலறிந்தவர் துணிந்தார் எனலாம்.

இவ்வுண்மையின் பெறுமதி 1801 ஆம் ஆண்டிலே சோதனைக்குள்ளாயிற்று. அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதி, பலேர்மோ வானாய்வு நிலையத்தில் பியாற்சி என்பார் புதியதொரு வான்பொருளைக் கண்டார். சீரிஸ் எனப் பெயர்பெற்ற அதனை பெப்ரவரி 11 வரை, 41 நாட்களுக்குள் 24 முறை அவதானித்தார். பின்னர் அது சூரிய ஒளியில் மறைந்தது. அக்காலத்துள் அது வானில் நகர்ந்த தூரம் ஏறத்தாழ மூன்று பாகை மாத்திரமே. இத்துணைச் சிறு துண்டிலிருந்து முழுப் பாதையையும் அறிதல் இயலாதென்றே பலரும் கருதினர். இருபத்துநான்கு வயதினரான காவுஸ் அதனை மேற்கொண்டார். ஓர் அவதானம் இரு கோணங்களைத் தருதலின், மூன்று அவதானங்கள் ஆறு கணியங்களைத் தரும். அவ்வாறு பெற்ற பாதையை ஏனைய அவதானங்களோடு ஒப்பிட்டு அவர் படிப்படியாகத் திருத்தினார். ஆண்டின் இறுதியில், காவுஸ் கூறிய பகுதிக்கு அண்மையிலேயே வான் சாக்கும், ஓரிரு நாட்களுள் ஒல்பர்ஸும் சீரிஸை மீளக் கண்டனர்.

எல்லா அவதானங்களையும் ஒருங்கே பயன்படுத்தும் பொதுவழியை முதலில் வெளியிட்டவர் பிரான்சைச் சேர்ந்த லெஜாந்தர் ஆவார். வால்வெள்ளிகளின் பாதைகள் பற்றி 1805 இல் அவர் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் இழிவு வர்க்க முறை இடம்பெற்றது. அவதானத்துக்கும் கணிப்புக்குமிடையிலான வேறுபாடுகளை வர்க்கித்துக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகக் குறைவாய் அமையுமாறு பாதையைத் தெரிவதே அம்முறை. 1809 இல் தமது நூலை வெளியிட்ட காவுஸ், தாம் 1795 முதலே இதனைக் கையாண்டதாகக் கூறியமை லெஜாந்தரின் மனத்தாங்கலுக்கு இடமளித்தது. முதன்மை யாருக்காயினும் ஆகுக. காவுஸ் செய்த தனிப்பணி வேறொன்றாகும். அம்முறைக்கு நிகழ்தகவின் அடிப்படையில் அவர் நியாயங் காட்டினார். சிறு வழுக்கள் அடிக்கடியும் பெரு வழுக்கள் அரிதாயும் நிகழும் செவ்வன் பரம்பலை அவர் எடுத்தாண்டார். பல சிறு காரணங்களின் கூட்டாலே அத்தகைய பரம்பல் தோன்றும் என்பதை 1810 இல் லாப்பிளாசு காட்டினார். அதுவரை அவதானியின் குறைபாடாய் நின்ற வழு, அன்றுமுதல் விதிக்குட்பட்ட ஒரு கணியமாயிற்று.

1957 ஒக்ரோபர் 4 ஆந் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியபோது பழைய வினா புதுவடிவு கொண்டது. அதன் வானலையின் மீடிறனில் ஏற்பட்ட டொப்ளர் மாற்றத்தைக் கொண்டே, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கையரும் வைஃபென்பாக்கும் அதன் பாதையைக் கணித்தனர். ஆனால் மனிதர் செல்லும் கலத்துக்கு, அவதானங்கள் யாவும் திரளும்வரை காத்திருக்க இயலாது. புதிய அவதானம் வந்தவுடன் பழைய விடையைத் திருத்தும் வழியைக் காவுஸ் முன்னரே தொட்டிருந்தார். புடாபெஸ்ற்றிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய கால்மன், இயங்கிக்கொண்டிருக்கும் தொகுதிகளுக்கு ஏற்ற முறையை 1960 இல் வெளியிட்டார். இம்முறையில் வகையீட்டுச் சமன்பாடு கலத்தின் அடுத்த நிலையை எதிர்வு கூறும். அவ்வெதிர்வின் ஐயமும் எவ்வளவு வளர்ந்தது என உடன் கணிக்கப்படும். அவதானம் வந்ததும் இரண்டின் ஐயங்களும் ஒப்பிடப்பட்டு, ஐயம் குறைந்ததற்குக் கூடிய நிறை அளிக்கப்படும். ஏம்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரான்லி ஷ்மிட் அதனைச் சந்திரப் பயணத்துக்கேற்ப விரிவாக்கினார்.

அப்பலோ கலத்தின் கணனியில் அழித்தெழுதத்தக்க நினைவகம் 2,048 சொற்களும், நிலையான நினைவகம் 36,864 சொற்களுமே கொள்ளும். பழைய அவதானங்கள் யாவற்றையும் சேமியாது, நடப்பு விடையையும் அதன் ஐயத்தையும் மாத்திரம் சுமந்துசெல்லும் முறை அத்தகைய கணனிக்கு மிகப் பொருந்திற்று. 1968 டிசம்பரில் அப்பலோ 8 இல் சென்ற லவல், விண்மீன்களுக்கும் புவி, சந்திரன் ஆகியவற்றின் விளிம்புகளுக்குமிடையிலான கோணங்களை அளந்து கணனிக்கு வழங்கினார். புவியிலிருந்து வானலை மூலம் கண்காணித்தலே முதன்மை பெற்றதெனினும், தொடர்பு அறுந்தாலும் வீரர் வீடு திரும்பும் வழி இதனால் உறுதியாயிற்று.

இம்முறைக்கும் எல்லையுண்டு. 1999 செப்ரெம்பர் 23 ஆந் திகதி அமெரிக்காவின் செவ்வாய்க் காலநிலைக் கலம் அழிந்தது. அதன் சிற்றுந்திகள் அளித்த கணத்தாக்கம் ஒரு மென்பொருளில் இறாத்தல் அலகிற் கணிக்கப்பட, பாதையைக் கணித்தோர் அதனை நியூற்றன் அலகு எனக் கொண்டனர். ஏறத்தாழ 226 கிலோமீற்றர் உயரத்திற் செல்லவேண்டிய கலம் 57 கிலோமீற்றர் வரை தாழ்ந்து வளிமண்டலத்துட் புகுந்தது. இவ்வழு எழுந்தமானமானதன்று, ஒரே திசையில் மீளமீள நேர்ந்தது. ஆகவே அது ஒன்றையொன்று ஈடுசெய்யவில்லை. கணிப்பிலே காணப்பட்ட முரண்பாடுகள் சிலரின் கவனத்தை ஈர்த்தபோதும், அவை உரியவாறு பின்தொடர்ந்து ஆராயப்படவில்லை என விசாரணை அறிக்கை சுட்டிற்று. 8 கலை வேறுபாட்டைக் கெப்ளர் நோக்கிய நோக்கு அங்கே தவறிற்று.

தொகுத்து நோக்குமிடத்து, விதியைக் கண்டறிந்ததால் மாத்திரம் மனிதன் வானை அளக்கவில்லை என்பது பெறப்படும். தனது அளவையில் உள்ள குறையை மறைக்காது, அதற்கும் ஓர் எண்ணைக் கொடுக்கத் துணிந்தமையாலேயே அவன் வெற்றி கண்டான். ‘கலம் இவ்விடத்தில் உள்ளது’ என்பது அரைவிடையே; ‘இவ்வளவு ஐயத்துடன் உள்ளது’ என்பதும் சேரும்போதே அது அறிவாகின்றது.