தென்னந்தோப்பிலிருந்து அருங்காட்சியகம் வரை

மதுரையிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கீழடி. வைகையின் தென்கரையில் உள்ள இந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் மதுரைக்காரர்கள் இதைத் தங்கள் ஊராகவே பேசுவார்கள். பள்ளிச்சந்தைத் திடல் என்ற தென்னந்தோப்பில் 2015-ல் மத்தியத் தொல்லியல் துறை குழி வெட்டத் தொடங்கியது. செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் மேலே வந்தன.

மூன்று கட்டங்களோடு மத்தியத் துறை ஒதுங்கியபின், 2018-ல் நான்காம் கட்ட அகழாய்வைத் தமிழ்நாடு தொல்லியல் துறை கையில் எடுத்தது. மாநில அரசு பணம் ஒதுக்கியது, தன் ஆய்வாளர்களையே குழியில் இறக்கியது, ஆண்டுதோறும் வேலையைத் தொடர்ந்தது.

நான்காம் கட்டத்தில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகம் சோதித்தது. காலம் கி.மு. 580 என்று முடிவு வந்தது.

தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளும் அந்தக் கட்டத்தில் கிடைத்தன. சிலவற்றில் குவிரன், ஆதன் என்று ஆட்பெயர்கள். பின்னர் 8, 18, 150, 300 கிராம் எடைக்கற்களும் வந்தன.

இவற்றுக்காக, பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல் செலவில், செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் மாநில அரசு எழுப்பிய அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது.

அங்கே பானை ஓட்டை உடைத்து வட்டமாகத் தேய்த்த சில்லுகளும் இருக்கின்றன. பாண்டி ஆடும் பிள்ளைகளுக்கு அவற்றை யாரும் விளக்க வேண்டியதில்லை.