பீப் ஒலியின் வரலாறு: ஒலிக்கும் கணினி இறந்த கணினியன்று

பழைய மேசைக் கணினியொன்றின் ஆளியை அழுத்துகிறோம். விசிறி சுழல்கிறது. திரையோ இருண்டே கிடக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து 'பீப், பீப்' என்ற ஒலி மட்டும் விட்டுவிட்டு எழுகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சிறு அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் வீடுகளிலும் இந்த ஒலியைக் கேட்டுக் கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் பலர். பெட்டி பழைய இரும்பு வாங்குபவரிடம் போயிற்று. அதற்குள் இருந்த எழுத்தும் கூடவே போயிற்று.

அந்த முடிவு பெரும்பாலும் பிழையானது. ஏன் பிழையானது என்பதை விளங்கிக்கொள்ள அந்த ஒலியின் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும்.

ஐ.பி.எம். நிறுவனம் தனது முதலாவது தனியாள் கணினியை 1981 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆந் திகதி நியூயோர்க்கில் அறிமுகப்படுத்தியது. இன்டெல் 8088 செயலியும் 16 கிலோபைற் நினைவகமும் கொண்ட அடிப்படை வடிவத்தின் விலை 1,565 டொலர். ஆளியை அழுத்தியதும் அது வேறெந்த வேலைக்கும் முன்னர் தன்னைத் தானே சோதித்துக்கொண்டது. செயலி, நேரக்கணிப்பி, நினைவகத்தின் முதற் பகுதி, பின்னர் திரைக்கான அட்டை என்று அச்சோதனை படிப்படியாக நடைபெறும். இடையில் பழுது கண்டால் அதை எவ்வாறு அறிவிப்பது? திரையை இயக்கும் அட்டை அப்போது இன்னும் விழித்திருக்காது; அந்த அட்டையே பழுதாகவும் இருக்கலாம். எனவே பொறியியலாளர்கள் மிக எளிய உறுப்பொன்றை நாடினர். அதுதான் பெட்டிக்குள் இருந்த சிறிய ஒலிபெருக்கி. ஒரு குறுகிய ஒலி எழுந்தால் யாவும் நலம். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுந்தால் திரை அட்டையில் கோளாறு. கண்ணில்லாத நிலையிலும் பேசத் தெரிந்த இயந்திரமாக அது அமைந்தது.

இச்சோதனையை நடத்தும் நிரலுக்குப் 'பயாஸ்' என்று பெயர். இச்சொல் ஐ.பி.எம்.முக்கு முற்பட்டது. கரி கில்டால் 1970களில் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்திலிருந்து வந்தது. அந்த இயங்குதளத்துக்குக் கொழும்புடனும் ஒரு தொடர்பு உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், '2010' திரைப்படம் தொடர்பாக லொஸ் ஏஞ்சலிஸிலிருந்த இயக்குநர் பீற்றர் ஹயம்ஸுடன் 1983, 1984 ஆம் ஆண்டுகளில் கேப்ரோ கணினியும் தொலைபேசி மோடமும் கொண்டு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அந்தக் கேப்ரோ இயங்கியது சிபி/எம்மில்தான்.

ஐ.பி.எம். தனது பயாஸின் மூல நிரலைத் தொழில்நுட்பக் கைநூலில் அச்சிட்டே வெளியிட்டது. ஆயினும் பதிப்புரிமை காரணமாக அதைப் பிரதி செய்ய இயலாது. ஆகவே கொம்பாக் நிறுவனம் 1982 இல் அறிவித்த தனது கணினிக்காகவும், பீனிக்ஸ் நிறுவனம் 1984 இல் பிறர்க்கு விற்பதற்காகவும், மூலத்தைப் பாராதவர்களைக் கொண்டு அதே பணியைச் செய்யும் புதிய நிரலை எழுதுவித்தன. 1985 இல் இந்திய வம்சாவளிப் பொறியியலாளரான சுப்பிரமணியன் சங்கர், பெட் சர்மாவுடன் இணைந்து அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் டெல் என்று பெயர்பெற்ற நிறுவனமே அதன் முதல் வாடிக்கையாளர். ஏ.எம்.ஐ. என்ற மூன்றெழுத்தாக நம் திரைகளில் தோன்றியது இந்த நிறுவனத்தின் பெயர்தான்.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் ஒலி மொழியை வகுத்துக்கொண்டது. ஏ.எம்.ஐ. முறையில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று ஒலிகள் நினைவகத்தையும் எட்டு ஒலிகள் திரை அட்டையின் நினைவகத்தையும் குறித்தன. அவார்ட் முறையில் தொடர்ந்து எழும் நீண்ட ஒலிகள் நினைவகத்தைச் சுட்டின. பீனிக்ஸோ இடைவெளி விட்டு ஒலிக்கும் எண் தொகுதிகளைக் கையாண்டது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களில் பலவகை உறுப்புகளைக் கோத்து விற்கப்பட்ட கணினிகளில் எந்த நிறுவனத்தின் பயாஸ் இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. மதர்போர்டுடன் வந்த சிறு கைநூல் தொலைந்தால் அகராதியே தொலைந்தது போலத்தான்.

கொழும்பின் சூழலும் தன் பங்கைச் செலுத்தியது. வெள்ளவத்தை கடலோரம். உப்புக் காற்று மென்மையான உலோகத் தொடுகைகளை மெல்ல அரிக்கும். நினைவகத் தட்டின் தொடுமுனைகளில் மாசு படிந்தாலே கணினி ஒலி எழுப்பி நின்றுவிடும். 1996, 2001, 2022 ஆம் ஆண்டுகளின் மின்வெட்டுகளை நாம் மறந்துவிடவில்லை. மின்சாரம் திடீரெனத் திரும்பும்போது எழும் அழுத்தம் மின்வழங்கியைத் தாக்கக்கூடும். 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் உலகெங்கும் விற்பனையான மதர்போர்டுகள் பலவற்றில் தரங்குறைந்த மின்தேக்கிகள் வீங்கி வெடித்ததும் பதிவான வரலாறே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீப் ஒலி எழுகிறது என்றால் செயலி இயங்குகிறது, பயாஸ் இயங்குகிறது, மின்சாரமும் ஓரளவு கிடைக்கிறது என்று பொருள். அந்த ஒலி எழும் கட்டத்தில் கணினி வன்தட்டை இன்னும் நாடவே இல்லை. வன்தட்டின் கோளாறு பொதுவாகத் திரையில் எழுத்தாகவே அறிவிக்கப்படும். வன்தட்டுக்குள்ளிருந்து 'டக், டக்' என்ற ஓசை எழுமாயின் அது வேறு நோய். உடனே நிறுத்திவிட வேண்டும். ஆனால் பீப் ஒலி மட்டுமெனில், உள்ளே எழுதப்பட்டவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் ஈய எழுத்துகளால் அச்சுக் கோத்துத் தொடங்கப்பட்டவை. அந்தத் தொழில் கணினிக்கு மாறிய பின்னர் நமது கவிதைத் தொகுதிகளும் கல்வெட்டு எனப்படும் நினைவு மலர்களும் கோயில் மலர்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி இத்தகைய பெட்டிகளிலேயே தங்கின. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து இவ்விரு பகுதிகளிலும் குடியேறியவர்களுள் பலருக்குக் கையெழுத்துப் பிரதிகூட மிஞ்சவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது 1981 ஆம் ஆண்டு மே 31 இரவில். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஐ.பி.எம். கணினி வெளிவந்தது அதற்குப் பத்து வாரங்களின் பின்னர். நெருப்பில் இழந்ததற்கு நாம் பொறுப்பல்லர். ஓர் ஒலியைத் தவறாகப் புரிந்துகொண்டு இழப்பதற்கு நாமே பொறுப்பு.

செய்ய வேண்டியவை சிலவே. மின்னிணைப்பை முற்றாகக் கழற்றுங்கள். ஆளியைச் சில வினாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு நினைவகத் தட்டுகளை எடுத்து, பொன்னிற முனைகளை மென்மையான அழிறப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். எதுவும் பலிக்காவிடின் வன்தட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பி மூலம் வேறொரு கணினியில் இணைக்கலாம். பாமினிக் கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். சுரதா யாழ்வாணனின் எழுத்துருமாற்றி போன்ற கருவிகள் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும். அவ்வாறு மீண்டவற்றைப் பேணுவதற்கு, 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் இருக்கிறது.

இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் அந்தச் சிறிய ஒலிபெருக்கி இல்லை; சிறு விளக்குகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஒலி மொழியை அறிந்த திருத்துநர்களும் அருகி வருகிறார்கள். அலுமாரிக்கு மேலோ கட்டிலுக்குக் கீழோ பழைய பெட்டியொன்று கிடக்குமாயின், அதை விற்பதற்கு முன் வன்தட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.