மூன்று தடங்களில் வந்த இசை

1933 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வாத்தியக் குழு இசைத்தது. சபையோர் வாஷிங்டனில் அமர்ந்து கேட்டனர். குழுவின் முன் மூன்று ஒலிவாங்கிகள். அவற்றினின்று மூன்று தொலைபேசித் தடங்கள். தடந்தோறும் தனித்தனி ஆம்ப்ளிபையர், தனித்தனி ஒலிபெருக்கி. குழுவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனிலிருந்தே ஒலியளவைச் சீர்செய்தார். இடப்புறம் எழுந்த நாதம் இடப்புறமே கேட்டது. தடங்களைக் கலவாது காத்ததே இதற்குக் காரணம்.

இல்லத்தில் ஸ்டீரியோ அமைப்போர்க்கும் நெறி இதுவே. இரு ஆம்ப்ளிபையர்களின் வெளியீடுகளை ஒரே ஒலிபெருக்கியில் சேர்த்தால் கருவி பழுதாகலாம். ஒரு ஒலிபெருக்கியின் முனைகளை மட்டும் மாற்றி இணைத்தால் தாழ்ந்த ஒலி மெலியும். முறைப்படி இணைத்தால், ஊரினின்று தொலைவில் வாழும் நமக்கும், ஸ்டீரியோவில் பதிந்த கச்சேரியில் வயலின் ஒருபுறமும் மிருதங்கம் மறுபுறமுமாகக் கேட்கும்.