மணல் பறக்கவில்லை, குதிக்கிறது!

"கொந்தளிப்பான ஓட்டத்தில் கனத் துகள்கள்" என்று தலைப்பைப் பார்த்ததுமே பலர் ஓடிவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் தலைப்பை மாற்றிவிட்டேன் :) விஷயம் அதேதான். ஆனால் இதில் சமன்பாடுகளைவிட ஒரு மனிதரின் கதை அதிகம்.

அவர் ரால்ஃப் பேக்னால்ட் (1896-1990). பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்தவர். 1926ல் எகிப்துக்கு மாற்றல். விடுமுறை கிடைத்தால் மற்ற அதிகாரிகள் ஊருக்குப் போவார்கள், இவரோ நண்பர்களோடு ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போய்விடுவார். காரின் இரும்பு பக்கத்தில் இருந்தால் காந்த முள் சரியாகக் காட்டாது என்று சூரிய நிழலைப் பார்த்துத் திசை காட்டும் கருவி வைத்திருந்தார். ரேடியேட்டர் கொதித்து வரும் நீராவியையும் வீணாக்காமல் மறுபடி தண்ணீராக்கிக்கொள்வார்.

அங்கேதான் அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. காற்றோ தாறுமாறாகச் சுழன்று அடிக்கிறது. அது மணலைச் சீராகப் பரப்பிவிட வேண்டியதுதானே? ஏன் பிறை வடிவக் குன்றுகளாகக் குவிக்கிறது? குன்று நகரும்போதும் அந்த வடிவம் கலையாமல் இருப்பது எப்படி?

1935ல் ராணுவத்தை விட்டு வந்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கண்ணாடி பதித்த மரச் சுரங்கம் ஒன்றைக் கட்டி, அதற்குள் காற்றை ஓடவிட்டு மணலைக் கவனித்தார். நுண்ணிய தூசு காற்றின் சுழல்களில் மிதந்துகொண்டே போகும். மணல் அப்படி இல்லை. அதன் அடர்த்தி காற்றைப்போல 2000 மடங்குக்கும் மேல். கால் மில்லிமீட்டர் மணிகூட நொடிக்கு 1 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் விழும். சுழல்கள் அதைத் தாங்கிப் பிடிப்பது கடினம். எனவே அது எழும்பி, காற்றிடம் வேகம் வாங்கி, சாய்வாக வந்து தரையில் மோதும். மோதிய இடத்தில் வேறு மணிகள் எழும்பும். முதல் மணியைக் கிளப்பத்தான் பலத்த காற்று வேண்டும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் அதில் சுமார் 80 சதவீத வேகமே போதும், ஆட்டம் நிற்காது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். குதிக்கும் மணிகள் காற்றிடமிருந்து வேகத்தை வாங்கிக்கொள்வதால் தரையை ஒட்டிய காற்று தளர்ந்துபோகிறது. மேலே புயல் வலுத்தாலும் கீழே காற்று அவ்வளவாக வலுப்பதில்லை. அதாவது காற்று மணலை ஓட்டுகிறது, மணலே காற்றுக்குக் கடிவாளமும் போடுகிறது! இந்த இருவழிப் பிணைப்பை 1936லேயே ராயல் சொசைட்டி இதழில் எழுதிவிட்டார்.

மணலின் அளவு, தரையை ஒட்டிய காற்று வேகத்தின் மும்மடிப்படி கூடும் என்பதும் அவர் கணக்கு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எப்போதும் 5 என்ற வேகத்தில் வீசினால் 125. பாதி நேரம் 10, பாதி நேரம் சும்மா என்றால் சராசரி வேகம் அதே 5தான், ஆனால் மணல் 500. சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். திடீர் வீச்சுகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதில் பின்னால் வந்தவர்கள் நிறைய உழைக்க வேண்டியிருந்தது.

1939ல் ராணுவம் மறுபடி கூப்பிட்டது. அவர் போன கப்பல் மத்தியதரைக் கடலில் மோதி விபத்துக்குள்ளானதால் எகிப்தில் இறங்கும்படி ஆயிற்று. 1940ல் அங்கே பாலைவன வேவுப் படை ஒன்றை உருவாக்கினார். மணலில் கார் ஓட்டக் கற்ற வித்தையெல்லாம் போருக்குப் போயிற்று (இது எனக்குக் கொஞ்சம் நெருடல்). மணல் பற்றிய அவர் புத்தகம் 1941ல், போர் நடுவிலேயே வெளிவந்தது.

அவர் செய்ததெல்லாம் சரியா? இல்லை. திரவத்தில் மெழுகு உருண்டைகளைக் கலந்து உருளைக்குள் சுழற்றி 1954ல் வெளியிட்ட முடிவுகளை 2002ல் திரும்ப ஆராய்ந்தார்கள். உருளை குட்டையாக இருந்ததால் உள்ளே உண்டான பக்கச் சுழற்சிகள் அளவீட்டைப் பாதித்திருக்கின்றன என்று தெரிந்தது. அரை நூற்றாண்டாகப் பாடப்புத்தகங்களில் இருந்த சோதனை!

2015ல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் பேக்னால்ட் பெயர் வைத்த மணற்குன்றுகளை அடைந்தது. அங்கே மணல்மேல் சின்ன அலைவரிகளோடு, மீட்டர் கணக்கில் இடைவெளி விட்ட பெரிய வரிகளும் இருந்தன. நம் பாலைவன மணலில் அப்படிப் பார்ப்பதில்லை. செவ்வாயின் மெல்லிய காற்றுதான் காரணம் என்று ஒரு சாரார் சொல்ல, வேறு சிலர் மறுக்க, வாதம் தொடர்ந்தது.