கல்லைச் சான்றாக்கிய பேராசிரியர்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை அடுத்த செங்கலில் வாழும் நம் உள்ளத்தில் ஒரு வினா அடிக்கடி எழுவதுண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீசுவரம், தோவாளை ஆகிய பகுதிகள் தமிழகத்தோடு இணைந்தன. நம் வட்டம் கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்தபின் நம் முன்னோர் வரலாறு எப்பக்கத்தது?

இதற்கு விடை தேடுவோர் முதற்கண் நாடவேண்டியவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855-இல் ஆலப்புழையில் தோன்றி, திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கி, 1897-இல் 42-ஆம் அகவையில் மறைந்தவர். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் ஆசிரியர் என அவரை அனைவரும் அறிவர். அந்நூலின் வாழ்த்துப் பாடலின் பகுதியே 1970-இல் தமிழ்நாட்டரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டது. எனினும், அவர்தம் வரலாற்றுப் பணியை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

திருவிதாங்கூரின் பண்டை வரலாறு செவிவழிச் செய்திகளையே பெரிதும் நம்பியிருந்த காலம் அது. கற்பிக்கும் பணி தத்துவமேயாயினும், பேராசிரியர் கோயில்தோறும் கல்வெட்டுகளைத் தேடினார். 1894-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘திருவிதாங்கூரின் பண்டை மன்னர் சிலர்’ என்னும் நூல், 12, 13-ஆம் நூற்றாண்டுகளின் வேணாட்டு வேந்தரைக் கல்வெட்டுச் சான்றால் வரிசைப்படுத்தியது. கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டோடு, வியாழன் நின்ற இராசி முதலியனவும் அக்கல்வெட்டுகள் பலவற்றில் காணப்படும். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்கலாம். அலுவலகக் கோப்பில் தேதியும் ஒப்பமும் தேடிப் பழகிய நமக்கு அம்முறையின் அருமை எளிதில் விளங்கும்.

அடியார் வரலாற்றிலும் அவர் இந்நெறியினின்று வழுவவில்லை. கூன்பாண்டியனை 13-ஆம் நூற்றாண்டினனாகக் கருதிய கால்டுவெல், திருஞானசம்பந்தரையும் அக்காலத்தவராக்கினார். பெரும்புலவர் கூற்றாயிற்றே என அஞ்சாது அதனை மறுத்த பேராசிரியர், சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவராதல் இயலாது என நிறுவினார். இன்று அறிஞர் பலரும் கொள்வது ஏழாம் நூற்றாண்டையே.

இனி நம் வினாவிற்கு வருவோம். வேணாட்டு மன்னர் ஆட்சி இன்றைய எல்லையின் இருபுறத்தும் பரவியிருந்தது. அவர்தம் கல்வெட்டுகள் பலவும் தமிழில் அமைந்தவை. ஆதலின் அவ்வரலாறு இருபுறத்தார்க்கும் பொது, நமக்கும் உரியது. உரிமை கொண்டாடுதல் எளிது, காத்தலன்றோ கடமை! கோயில் திருப்பணியின்போது எழுத்துள்ள கல்லைச் சுண்ணாம்பு பூசி மறையாமலும், படிக்கல்லாக இடாமலும் காப்போமாக. அதுவே அப்பேராசிரியர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.