கிளௌக்காவின் உண்டியல்: ஹாலே அநாதை இல்லமும் அதன் அயலாரும்

சிறுவர் இல்லங்களைப் பற்றி நம் திருச்சபைகளில் பேச்சு எழும்போதெல்லாம் ஜெர்மனி தேசத்து ஹாலே நகரின் அநாதை இல்லம் நினைவுகூரப்படுகிறது. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த அருட்பணியாளர் பலரும் ஹாலேயோடு கொண்டிருந்த உறவே இதற்குக் காரணமாகும். அவ்வில்லத்தை நிறுவிய அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே (1663-1727) ஜெபத்தினால் மட்டுமே பிள்ளைகளைப் போஷித்தார் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அவர் ஜெபித்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஜெபத்துக்கு விடையாக வந்தவர்கள் யார், அவர்கள் எவ்வாறு அப்பணியில் பங்காளிகளாயினர் என்பதை நாம் போதிய அளவு ஆராய்ந்ததில்லை.

1692-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிராங்கே ஹாலேக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் மொழிப் பேராசிரியர் பதவியும், நகரை அடுத்திருந்த கிளௌக்கா என்னும் சிற்றூரின் போதகர் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தன. பத்தாண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோய் அவ்வூரின் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயிருந்தது. ஏறத்தாழ 200 வீடுகளில் 37 மதுக்கடைகள் என்று அவ்வூரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு.

வியாழக்கிழமைதோறும் ஏழைகள் குருமனை வாசலில் கூடி அப்பம் கேட்பார்கள். ஒரு நாள் பிராங்கே அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைத்து, பெரியோரிடமும் சிறியோரிடமும் ஞானோபதேசக் கேள்விகளைக் கேட்டார். அவர்களுடைய அறியாமை அவரைத் திடுக்கிடச் செய்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் வாரந்தோறும் காசு கொடுத்துப் பார்த்தார். காசு சென்றது, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவில்லை.

பின்னர் அவர் தம் வீட்டுக் கூடத்தில் ஓர் உண்டியலை மாட்டிவைத்தார். 1695-ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளை ஒட்டி ஒரு பெண்மணி அதில் 4 தாலரும் 16 குரோஷனும் இட்டார். பேராசிரியர் ஒருவருக்கு இது பெருந்தொகையன்று. எனினும் ஒரு பள்ளியைத் தொடங்க இது போதும் எனப் பிராங்கே துணிந்தார். ஏறக்குறைய 2 தாலருக்குப் புத்தகங்கள் வாங்கினார்; வாரம் 6 குரோஷன் ஊதியத்தில் ஓர் ஏழை மாணவரை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கற்பிக்க அமர்த்தினார். தம் படிப்பறையை அடுத்த அறையே பள்ளிக்கூடமாயிற்று.

இங்கு நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை வரலாற்றாசிரியர்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். 27 பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. திரும்பி வந்தவை நான்கு. மற்றவை விற்கப்பட்டன, அல்லது பிள்ளைகளோடு மறைந்தன. பிராங்கே மனந்தளரவில்லை, புதிதாகப் புத்தகங்கள் வாங்கி, வகுப்பு முடிந்ததும் அவற்றை அறையிலேயே வைத்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்தார். அவருடைய பொறுமையைப் புகழாதவர் இல்லை. ஆனால் அந்த 23 வீடுகளை நாம் சற்று எண்ணிப்பார்க்கலாகாதா? அப்பமில்லாத வீட்டில் புத்தகம் விற்பனைக்குரிய பொருளே. காசு கொடுத்தபோதும் புத்தகம் கொடுத்தபோதும், கொடுத்தவர் போதகர், பெற்றுக்கொண்டவர் ஏழை. அவ்வீட்டார் அப்பணியில் எவ்விதப் பங்கும் பெறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே ஆண்டில் நிகழ்ந்தது. பள்ளியின் நன்மையைக் கண்ட ஊரார் சிலர், வாரம் ஒரு குரோஷன் கட்டணம் தருகிறோம், எங்கள் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள் என்று தாமே வந்து கேட்டனர். அந்தக் கட்டணத்தால் ஆசிரியரின் ஊதியம் உயர்ந்தது; கற்பிக்கும் நேரமும் கூடிற்று. உண்டியல் காசு பள்ளியைத் தொடங்கிவைத்தது. அயலார் தந்த குரோஷனோ அதை நிலைக்கச் செய்தது.

பள்ளியில் பெற்ற பயிற்சி தெருவிலும் வீட்டிலும் கெட்டுவிடுகிறது என்று கண்ட பிராங்கே, பிள்ளைகளை முழுநேரமும் தம் பொறுப்பில் வளர்க்க விரும்பினார். அவ்வேளையில் ஒருவர் 500 தாலரை முதலாக அளித்தார். ஆண்டு வட்டி 25 தாலர். ஒரு பிள்ளையை ஏற்கலாம் என்று எண்ணினார். தாய் தந்தையரை இழந்த நால்வர் வந்து நிற்கவே, நால்வரையும் ஏற்றார். முதலில் அவர்களைத் தனிக் கட்டடத்தில் வைக்கவில்லை. நம்பத்தக்க குடும்பங்களில் விட்டு, செலவைத் தாம் கொடுத்தார். எண்ணிக்கை பெருகியபோதே வீடு வாங்கி அவர்களை ஒன்றுசேர்த்தார். 1698-ஆம் ஆண்டு ஜூலையில் பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் இடப்பட்டது. அதற்கு முன்பே, இத்தகைய இல்லங்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றன என்று அறிந்துவர நொய்பவுவர் என்னும் உதவியாளரை ஹாலந்து தேசத்துக்கு அனுப்பியிருந்தார். ஜெபவீரராகிய பிராங்கே நல்ல நிர்வாகியுமாவார்.

கட்டடத்துக்கு அரசர் உதவினார். சலுகைகளும் வரிவிலக்கும் வழங்கினார். எலர்ஸ் என்பவர் பிராங்கேயின் ஒரு பிரசங்கத்தை அச்சிட்டு லைப்சிக் சந்தையில் விற்கத் தொடங்கினார். ஏழைகளுக்குச் செய்யவேண்டிய கடமையைப் பற்றியது அப்பிரசங்கம்! அதிலிருந்து புத்தகசாலையும் அச்சகமும் வளர்ந்தன. மருத்துவர் ரிக்டரின் மேற்பார்வையில் மருந்தகம் செழித்து, அதன் மருந்துகள் தூரதேசங்களுக்கும் சென்றன. வரிவிலக்குப் பெற்ற இத்தொழில்களால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்று நகர வணிகர் முறையிட்டதையும் மறைக்கலாகாது. நகரப் போதகர்களுடைய எதிர்ப்போ வேறு விதமானது. 1700-ஆம் ஆண்டு அரசு விசாரணைக் குழு அமைக்கும் அளவுக்கு அது முற்றிற்று. அயலாரின் துணையால் வளர்ந்த இல்லம் தன் அயலாரோடு வழக்காடவும் நேர்ந்தது.

இவையனைத்திலும் எனக்குச் சிறந்ததாய்த் தோன்றுவது இலவசப் பந்தி என்னும் ஏற்பாடாகும். உணவுக்கு வழியற்ற பல்கலைக்கழக மாணவர்கள் இல்லத்தில் உண்பார்கள். அதற்கு ஈடாக நாள்தோறும் பள்ளிகளில் கற்பிப்பார்கள். பசித்த மாணவன் உணவு பெற்றான். ஏழைப் பிள்ளை ஆசிரியரைப் பெற்றது. இல்லத்துக்கு ஊதியச் செலவு குறைந்தது. நாட்டின் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கிடைத்தனர். இதில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பிராங்கே 1727-இல் மறைந்தபோது அவருடைய பள்ளிகளில் 2,200-க்கு மேற்பட்ட பிள்ளைகள் கற்றனர். அவர்களில் இல்லத்தில் வளர்ந்த அநாதைகள் 134 பேர். ஆண் 100, பெண் 34. ஜெர்மன் மொழிப் பள்ளிகளில் மட்டும் 1,725 பேர் கற்றனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊரிலுள்ள தங்கள் வீடுகளிலிருந்து வந்து மாலையில் தாய் தந்தையரிடம் திரும்பிச் சென்றவர்கள். நாம் அநாதை இல்லம் என்றழைப்பது உண்மையில் ஊர்ப் பிள்ளைகளின் பெரும் பள்ளித்தொகுதி. அதன் ஒரு மூலையிலேயே அநாதைகள் வாழ்ந்தனர்.

இவ்விரண்டில் எது கடல் கடந்து நம்மிடம் வந்தது? தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஒரு முதிய தமிழ் ஆசிரியரின் திண்ணைப் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1707-இல் தருமப் பள்ளிகளைத் தொடங்கி, பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளித்தார். ஞானஸ்நானம் பெற்றோரை உறவினர் விலக்கிவைத்த காலம் அது. ஆகவே பிள்ளைகளைப் பராமரித்தே தீரவேண்டியிருந்தது. அதற்கான பணமோ பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1710 முதல் ஹாலேயில் அச்சிடப்பட்ட தரங்கம்பாடி அறிக்கைகளைப் படித்தவர்கள் மனமுவந்து கொடுத்தனர். கிளௌக்காவின் ஊரார் கொண்டுவந்த ஒரு குரோஷனுக்கு ஒப்பானது தரங்கம்பாடியில் எளிதில் அமையவில்லை. இல்லமும் விடுதியும் நம்மிடம் வந்தன; அயலாரின் பங்கு பின்தங்கிவிட்டது. நம் சபைகளில் தாய்மார்கள் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் வழக்கம் பிற்காலத்தில் அக்குறையை ஓரளவு நிரப்பியது என்பது என் எண்ணம்.

நான் சேகர ஊழியம் செய்த ஓர் ஊரில் போர்டிங் பிள்ளை ஒருவனின் தாய், அறுவடைக் கூலி கிடைத்த நாளில் பலகாரத்தோடு வந்து வாசலில் நிற்பார். பார்வையாளர் நாள் இதுவன்று என்று சொல்லி அனுப்பிவிடுவோம். ஒழுங்கு கெடலாகாது என்று அவ்விதியை நானே நியாயப்படுத்தியிருக்கிறேன். மகனுக்காக அத்தாய் கொண்டுவந்தது ஒரு காணிக்கை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிள்ளையை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்கிறது. நம் இல்ல நிர்வாகிகளிற் சிலர் அதை அரசின் தலையீடாகக் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை.

ஹாலே நிறுவனங்கள் 1946-இல் தங்கள் தனியுரிமையை இழந்து பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. ஜெர்மனி ஒன்றுபட்ட பின், 1990-களின் தொடக்கத்தில் அதை மீண்டும் பெற்றன. பாழடைந்திருந்த கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டுள்ளன. தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அதே வளாகத்தில் இன்றும் மழலையர் பள்ளிகளும் பள்ளிகளும் நடைபெறுகின்றன. காலையில் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள், மாலையில் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார்கள்.